கோவளம்: கடற்கரை விடுதியும் ஒரு காத்திருப்பின் கதையும்

கோடை விடுமுறையிலும் பெருநாளை அடுத்த நாள்களிலும் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு, திருவல்லிக்கேணி ஆகிய பகுதிகளில் வாழும் குடும்பங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உள்ள விடுதிகளில் இரண்டு மூன்று நாள் தங்கி வருவது இன்று பரவலான வழக்கமாகிவிட்டது. நட்சத்திர விடுதிக்குச் செல்வோர் சிலரே. பலர், நான்கைந்து குடும்பங்களாகச் சேர்ந்து, சமையற்கட்டுடன் கூடிய ஒரு வீட்டை நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்கின்றனர். இதுபற்றி நம் சமுதாயத்தில் இருவகைக் கேள்விகள் எழுகின்றன. இத்தகைய பொழுதுபோக்கு வீண்விரயம் ஆகாதா என்பது பெரியவர்களின் கேள்வி. அங்கே தொழுகையைச் சுருக்கலாமா, இறால் உண்ணலாமா என்பன இளையவர்களின் கேள்விகள். இரண்டுக்கும் விடை தேடும்போது, சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் என்னும் ஊரை முன்வைத்துப் பேசுவது பொருத்தமாக இருக்கும். கேரளத்திலும் கன்னியாகுமரிக்கு அருகிலும் இதே பெயரில் ஊர்கள் உண்டு. இங்குக் குறிப்பிடப்படுவது அடையாற்றிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில், முட்டுக்காட்டுக் கழிமுகத்தை அடுத்து இருக்கும் கோவளமாகும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இன்பச் செலவுக்கு அரபு மொழியில் வழங்கும் சொற்களுள் ஒன்று ‘நுஸ்ஹத்’. சோலைகளுக்கும் நீர்நிலைகளுக்கும் உலாவச் செல்வதை இச்சொல்லால் குறிப்பது பொதுமக்களின் பிழை வழக்கு என்று பழைய மொழியறிஞர் இப்னுஸ் ஸிக்கீத் கண்டித்துள்ளதாக ‘லிஸானுல் அரப்’ அகராதி குறிக்கிறது. வேர்ப்பொருள்படி அது நீர்நிலைகளையும் குடியிருப்புகளையும் விட்டு விலகியிருப்பதையே சுட்டும் என்பது அவர் வாதம். ஆனால் மக்கள் வழக்கே வென்றது. கி.பி. 1154இல் நிறைவுற்ற தமது பெரும் நிலநூலுக்கு அல்இத்ரீஸீ ‘நுஸ்ஹத்துல் முஷ்தாக்’ என்றே பெயரிட்டார். ‘ஸியாஹத்’ என்னும் மற்றொரு சொல் முன்னாளில் துறவியர் ஊர் ஊராகத் திரிவதைக் குறித்து, இன்று சுற்றுலாத் துறையின் பெயராகவே நிலைத்துவிட்டது. பூமியில் நடந்து சென்று, படைப்பு எவ்வாறு தொடங்கியது என்றும், முன் வாழ்ந்தோரின் முடிவு எவ்வாறு இருந்தது என்றும் பார்க்குமாறு திருக்குர்ஆன் பலமுறை ஏவுகிறது. அங்குப் பயணத்துக்கு அடுத்து வரும் வினைச்சொல் ‘பாருங்கள்’ என்பதே. ஆகவே பயணம் குற்றமன்று. எதைப் பார்த்தோம் என்பதே கேள்வி.

கடலோரத்தில் சென்று தங்குவதும் நம் மரபுக்குப் புதியதன்று. வட ஆப்பிரிக்கக் கரையில் ‘ரிபாத்’ எனப்படும் அரண்விடுதிகள் எழுந்தன. துனீசியாவில் கி.பி. 796இல் கட்டப்பட்ட முனஸ்தீர் ரிபாத்தும், 821ஆம் ஆண்டைச் சேர்ந்த ஸூஸா ரிபாத்தும் இன்றும் நிற்கின்றன. கடற்படையெடுப்பைக் கண்காணிக்கும் காவல் நிலையங்களாகவும், நகரத்து அலுவல்களை விட்டுச் சில காலம் வணக்கத்தில் ஈடுபட வருவோர்க்கு உறைவிடங்களாகவும் அவை ஒருங்கே விளங்கின.

நமது கரையிலேயே ஒரு சான்று உண்டு. சோழமண்டலக் கரையை அரபியர் ‘மஅபர்’, அதாவது கடவையிடம், என அழைத்தனர். கி.பி. 1340களில் இலங்கையிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா புயலில் சிக்கி இக்கரையில் ஒதுங்கினார். அப்போது மதுரையை ஆண்ட கியாஸுத்தீன் தாமகானி அவருடைய மனைவியின் சகோதரியை மணந்தவர். அச்சுல்தானுக்குரிய ‘பத்தன்’ என்னும் துறைமுகத்தைப் பற்றி இப்னு பதூதா எழுதும்போது, கடலுக்குள் பெரும் மரத்தூண்கள் நட்டு அவற்றின் மீது எழுப்பிய ஒரு மர மண்டபத்தை வியந்து விவரிக்கிறார். அதற்குச் செல்லும் வழியும் கூரையிட்ட மரப் பாதையாக அமைந்திருந்ததாம். பகைவர் வந்தால் கப்பல்களை அதனுடன் பிணைத்து, வில்லாளர்களை ஏற்றிக் காப்பார்களாம். அவ்வூரின் கற்பள்ளிவாசலையும், அங்குக் கிடைத்த திராட்சையையும் மாதுளையையும்கூட அவர் மறக்கவில்லை. பத்தன் இன்றைய எந்த ஊர் என்பதில் ஆய்வாளர்கள் ஒத்த கருத்துடையவர்களாக இல்லை.

சென்னைக்குள் வந்தால், 1768இல் நவாப் முஹம்மது அலீ வாலாஜா எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனையைக் காணலாம். அது கட்டப்பட்டபோது கடல் இப்போதைவிடக் கிட்ட இருந்தது. இன்று நாம் மெரினா என்று பெருமிதத்துடன் காட்டும் அகன்ற மணற்பரப்பு, 1876இல் தொடங்கிய துறைமுகக் கட்டுமானத்தின் விளைவு. தெற்கிலிருந்து வடக்கு நோக்கி அலைகள் நகர்த்திச் செல்லும் மணலைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் மறித்ததால் தென்புறம் மணல் குவிந்தது. வடபுறத்துக் குடியிருப்புகளோ அன்று முதல் கடலரிப்புக்கு ஆளாகி வருகின்றன. கூவம் முகத்துவாரத்தின் அருகே நவாபின் கடல் நீராட்டு மண்டபம் ஒன்றும் இருந்தது. ஆங்கிலேயர் அதை மெரைன் வில்லா என்றனர். பிற்காலத்தில் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்காக அது அகற்றப்பட்டது. 1855இல் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி இறந்ததும் அரண்மனையும் கைமாறியது. அதன் ஒரு பகுதியான கலச மஹாலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இடம்பெற்றது. கடலோர விதிகளை மீறிய கட்டடங்கள் குறித்த வழக்குகள் நவாபின் கடலோர மாளிகையிலேயே விசாரிக்கப்படும் நிலையைக் காலம் உண்டாக்கிவிட்டது. அருகே வாலாஜா பெரிய பள்ளிவாசலின் வளாகத்தில், 1810இல் மறைந்த லக்னோ ஃபிரங்கி மஹல் பேரறிஞர் அப்துல் அலீ அடங்கியுள்ளார். ‘பஹ்ருல் உலூம்’, கலைகளின் கடல், என்பது அவரது பட்டம். மெரினாவுக்குச் செல்வோர் அந்தக் கடலையும் ஒருமுறை கண்டு வரலாம்.

இனிக் கோவளத்துக்குச் செல்வோம். பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வூருக்கு ‘ஸஆதத் பந்தர்’ என்றொரு பெயர் வழங்கியது. பந்தர் என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். ஸஆதத் என்றால் நற்பேறு. 1710 முதல் 1732 வரை கர்நாடகத்தை ஆண்ட நவாப் ஸஆதத்துல்லாஹ் கானின் பெயரையும் அது நினைவூட்டுகிறது. இங்கிருந்த கோட்டையை நவாப் அன்வருத்தீன் கட்டியதாகப் பழைய அரசிதழ்கள் கூறுகின்றன. அதன் அருகே, ஆஸ்திரியப் பேரரசின் உரிமைப் பட்டயத்துடன் 1722இல் நிறுவப்பட்ட ஆஸ்டெண்ட் கம்பெனியின் வணிகக் கோட்டையும் இருந்தது. இங்கிருந்த கோட்டையை ‘டச்சுக் கோட்டை’ என்று மட்டும் இன்று சொல்லிவிடுகிறார்கள். ஆஸ்டெண்ட் கம்பெனி இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்தது. டச்சுக்காரர்களுக்கு அது போட்டி நிறுவனம். அவர்களும் ஆங்கிலேயரும் கொடுத்த நெருக்கடியாலேயே அது 1731இல் கலைக்கப்பட்டது.

1750இல் பிரெஞ்சுக்காரர்கள் நவாபின் கோட்டையைக் கைப்பற்றிய விதம் விருந்தோம்பல் என்னும் பண்புக்கே இழுக்கு. அவர்களுடைய கப்பலொன்று கரைக்கு எதிரே நின்று துயர்க்குறி காட்டியது. கப்பலில் உள்ளோர் நோயுற்று மடிவதாகச் சொல்லி, சிலரைக் கோட்டைக்குள் தங்கவைக்க இடம் கேட்டனர். இரக்கம் கொண்டு சேர்த்துக்கொண்டார் கோட்டைத் தலைவர். மறைத்து வைத்திருந்த ஆயுதங்களுடன் நள்ளிரவில் எழுந்த ‘நோயாளிகள்’ காவலரை மடக்கிக் கோட்டையைத் தமதாக்கினர். 1752இல் இருநூறு ஐரோப்பியப் புதுப்படையினருடனும் ஐந்நூறு சிப்பாய்களுடனும் வந்த கிளைவ் அதை மீட்டார். பின்னர் அரண்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கோட்டை நின்ற பகுதியில் 1974இல் தாஜ் குழுமம் ‘ஃபிஷர்மென்ஸ் கோவ்’ விடுதியைத் திறந்தது. விருந்தினர் வேடத்தில் வந்தோரிடம் வீழ்ந்த இடம் விருந்தினர் இல்லமாகியிருக்கிறது. அங்குத் தங்கும் வசதி எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. ஆயினும் கடற்கரை பொதுவானது. அலை வந்து மீளும் மணலுக்கு வாடகை இல்லை.

சுற்றுப்புறத்தில் காணத்தக்கவை பல. முட்டுக்காட்டில் படகுத்துறை உண்டு. அருகிலேயே 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து மீண்டும் எழுப்பியுள்ளனர். பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் அரை நாளேனும் அதற்கு ஒதுக்க வேண்டும். வடநெம்மேலியில் 1976 முதல் இயங்கும் முதலைப் பண்ணையையும் பிள்ளைகள் விரும்புவர். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் இருபது கிலோமீட்டர் அளவே. 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பல்லவர் கால ஆக்கங்கள் அங்குள்ளன. பிற சமயத்தாரின் வழிபாட்டுச் சின்னங்களாயிற்றே என்று தயங்குவோரும் இருக்கிறார்கள். முன்னோர் விட்டுச்சென்றவற்றைக் கருத்தூன்றிப் பார்ப்பது வேறு, வழிபாட்டில் பங்கேற்பது வேறு. எகிப்துக்குச் சென்ற முஸ்லிம் பயணிகள் பிரமிடுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்ததை நினைத்தால் இத்தயக்கம் நீங்கும். இன்னும் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் உண்மையாகவே டச்சுக்காரர்களுக்குரிய கோட்டை சிதைந்து கிடக்கிறது. கோவளத்திலேயே, சாந்தோம் வணிகர் ஜான் டி மான்டி 1808இல் கட்டிய கார்மேல் மாதா ஆலயம் உள்ளது. தமீம் அன்ஸாரி தர்காவும் இவ்வூரிலேயே உள்ளது. அதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியிருப்பதால், இளையவர்களின் கேள்விகளை முதலில் முடித்துக்கொள்வோம்.

தொழுகையைச் சுருக்கும் ‘கஸ்ர்’ சலுகைக்குரிய பயணத் தொலைவு, ஹனஃபீ அறிஞர்களின் வழக்கமான கணக்கில் ஏறத்தாழ 77 கிலோமீட்டர். ஷாஃபிஈ கணக்கில் 81 அல்லது 82. தொலைவைக் கணக்கிடுவது நம் வீட்டு வாசலிலிருந்து அன்று, ஊரின் எல்லையிலிருந்து. 2011இல் சென்னை மாநகராட்சியின் எல்லை உத்தண்டி வரை நீட்டப்பட்டது. ஆகவே மயிலாப்பூர்வாசி கோவளத்துக்குச் சென்றாலும் மாமல்லபுரத்துக்குச் சென்றாலும் முஸாஃபிர் ஆவதில்லை. நான்கு ரக்அத் நான்காகவே தொழப்பட வேண்டும். காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ நேரே வந்து தங்குவோரின் நிலை வேறு. அவர்களிலும், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாள்கள் தங்க எண்ணியவர் ஷாஃபிஈ மத்ஹபின்படி வந்திறங்கியதுமே உள்ளூர்வாசியாகிவிடுவார். ஹனஃபீ மத்ஹபில் பதினைந்து நாள் தங்க எண்ணினாலன்றி அந்நிலை வராது. எனவே ஒரே விடுதியில் ஒரு வாரம் தங்கும் இரு நண்பர்களுள் ஒருவர் முழுமையாகவும் மற்றவர் சுருக்கியும் தொழலாம், இருவரும் சரியே. இரு வேளைத் தொழுகைகளைச் சேர்த்துத் தொழும் ‘ஜம்உ’ ஷாஃபிஈகளுக்குப் பயணத்தில் உண்டு. ஹனஃபீகளுக்கு ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் மட்டுமே.

உணவுக்கு வருவோம். கடலில் செல்லும்போது குடிநீர் குறைவாகவே எடுத்துச் செல்கிறோம், கடல்நீரால் உளூச் செய்யலாமா என்று ஒருவர் வினவியபோது, அதன் நீர் தூய்மையானது என்பதோடு அதில் இறப்பதும் ஆகுமானது என்று நபி (ஸல்) அவர்கள் கேளாததையும் சேர்த்து விளக்கினார்கள் என ‘முவத்தா’ முதலிய நூல்கள் அறிவிக்கின்றன. இதன் பொதுத்தன்மையைக் கொண்டு ஷாஃபிஈ அறிஞர்கள் கடல்வாழ் உயிரினங்களுள் பெரும்பாலானவற்றை அனுமதிக்கின்றனர். நண்டு நிலத்திலும் நீரிலும் வாழ்வது என்பதால் அதைப் பற்றி அம்மத்ஹபின் நூல்களிலேயே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபீ மத்ஹபில் மீன் இனம் மட்டுமே ஆகும். நண்டும் கணவாயும் ஆகா. இறால் மீன்தானா என்பது அம்மத்ஹபினரிடையே நீண்ட நாள் வழக்கு. கரையோரத் தமிழ் முஸ்லிம்கள் பலர் ஷாஃபிஈகள், ஆர்க்காட்டு நவாப் குடும்பத்தாரும் உருது பேசுவோரும் ஹனஃபீகள். இரு சாராரும் சம்பந்தம் கலந்த வீட்டில் சமையற்காரர் என்ன செய்வார் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வஞ்சிரம் வாங்கினால் வழக்கே இல்லை.

நீராடுவதில் உடலை மறைக்கும் ஒழுங்கு பேணப்பட வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. இக்கரையில் அதனினும் கவலைக்குரியது வேறொன்று. மேலே அமைதியாகத் தோன்றும் நீரின் அடியில் கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டங்கள் உண்டு. விடுமுறைக்கு வந்த இளைஞர்கள் ஆண்டுதோறும் இதில் மாண்டுபோகின்றனர். கடல் கொந்தளிக்கும்போது அதில் இறங்குவோர் தம் உயிருக்குரிய பாதுகாப்பைத் தாமே விலக்கிக்கொண்டவராவர் என்னும் கருத்துள்ள நபிமொழியை முன்வைத்து, அத்தகைய வேளையில் கடற்பயணத்தை அறிஞர்கள் தடுத்தனர். இன்று இறங்காதே என்று உள்ளூர் மீனவர் சொன்னால் அதைக் கேட்பதே முறை.

கோவளம் தர்காவில் அடங்கியிருப்பவர் நபித்தோழர் தமீம் அன்ஸாரி (ரலி) என்பதும், அவரது உடல் ஒரு பேழையில் கடல்வழியே மிதந்து வந்து இக்கரையில் ஒதுங்கியது என்பதும் மக்கள் வழக்கு. அடக்கத்தலத்தின் சிறப்பை ஆர்க்காட்டு நவாப்களின் காலத்தோடு இணைத்துப் பேசுவர். வரலாற்று நூல்களை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இச்செய்திக்குச் சான்று இல்லை. நபித்தோழர்களின் வாழ்க்கையைத் தொகுத்த இப்னு ஸஅத், இப்னு அப்தில் பர், இப்னு ஹஜர் ஆகியோருள் எவரும் இவ்வாறு குறிப்பிடவில்லை. பத்ருப் போரில் கலந்துகொண்ட அன்ஸாரிகளுள் தமீம் இப்னு யஆர் என்றொருவர் உண்டு. அவருக்கும் கடலுக்கும் தொடர்பு சொல்லப்படவில்லை. கடலோடு தொடர்புடைய தமீம் வேறொருவர். அவர் அன்ஸாரி அல்லர். பாலஸ்தீனத்தின் லக்ம் குலத்தைச் சேர்ந்த தமீம் தாரீ (ரலி) அவர்கள்.

தமீம் தாரீ கிறிஸ்தவராக இருந்து, ஹிஜ்ரி 9இல் மதீனா வந்து இஸ்லாத்தைத் தழுவியவர். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) வாயிலாக ‘ஸஹீஹ் முஸ்லிம்’ பதிவுசெய்துள்ள நீண்ட ஹதீஸில் அவருடைய கடற்பயணம் இடம்பெறுகிறது. முப்பது பேருடன் கப்பலேறியதும், ஒரு மாத காலம் அலைகள் அவர்களை அலைக்கழித்ததும், ஒரு மாலைப் பொழுதில் பெயரறியாத் தீவில் ஒதுங்கியதும், அங்கே உடலெங்கும் மயிர் அடர்ந்த ஜஸ்ஸாஸா என்னும் பிராணியையும் விலங்கிடப்பட்ட தஜ்ஜாலையும் கண்டதும் அதில் விவரிக்கப்படுகின்றன. பிற்காலத்தில் உமர் (ரலி) அவர்களின் அனுமதியுடன் மஸ்ஜிதுந் நபவியில் மக்களுக்கு அறவுரைக் கதைகள் சொன்னவரும் இவரே. இஸ்லாமிய மரபின் முதல் கதைசொல்லி என்று இவரைக் கூறுவோர் உண்டு. உஸ்மான் (ரலி) கொலையுண்ட பின் ஷாம் நாட்டுக்குத் திரும்பி, ஹிஜ்ரி 40ஐ ஒட்டி மறைந்தார்கள். அடக்கத்தலம் பாலஸ்தீனத்தின் பைத் ஜிப்ரீனில் இருப்பதாக நூல்கள் கூறும். ஹெப்ரோனில் அவர் குடும்பத்துக்கு வழங்கப்பட்ட நிலக்கொடை பற்றி வரலாற்றாசிரியர் மக்ரீஸீ தனி நூலே எழுதினார்.

அப்படியானால் ‘அன்ஸாரி’ எங்கிருந்து வந்தது? இதற்கு விடை ‘காணாமற்போனவரின் மனைவி’ பற்றி ஹதீஸ் தொகுப்புகளில் உள்ள ஒரு செய்தியில் கிடைக்கிறது என்பது எமது கருத்து. அப்துர் ரஸ்ஸாக், பைஹகீ ஆகியோர் அதை அறிவிக்கின்றனர். உமர் (ரலி) ஆட்சியில், அன்ஸாரிகளுள் ஒருவர் இஷாத் தொழுகைக்குப் புறப்பட்டவர் திரும்பவே இல்லை. ஜின்கள் அவரைச் சிறைப்பிடித்துச் சென்றுவிட்டன. மனைவி கலீஃபாவிடம் முறையிட்டார். நான்கு ஆண்டுகள் காத்திருக்கப் பணித்த கலீஃபா, அதன்பின் மறுமணத்துக்கு அனுமதியளித்தார்கள். மணமும் நடந்தது. அதற்குப் பிறகு முதற்கணவர் திரும்பி வந்தார். தம்மைப் பிடித்த ஜின்களோடு நம்பிக்கையாளரான ஜின்கள் போரிட்டுத் தம்மை விடுவித்ததாகக் கூறினார். மனைவியைத் திரும்ப ஏற்பதா, கொடுத்த மஹரைப் பெற்றுக்கொள்வதா என்று தேர்ந்துகொள்ளும் உரிமையை உமர் (ரலி) அவருக்கு அளித்தார்கள். ஜின்களின் உணவு எது என்று அவரிடம் வினவியதும் அச்செய்தியில் உண்டு. அந்த மனிதரின் பெயர் மட்டும் அதில் இல்லை.

பெயரில்லாத அன்ஸாரியின் கதையும், ஊரறிந்த தமீமின் கடற்பயணமும் கதைசொல்லிகளின் நாவில் ஒன்றாயின. ஜின்களிடம் சிக்கியவர் தீவுதோறும் அலைந்து, தஜ்ஜாலையும் கண்டு, சடைமுடியோடு வீடு திரும்பும் தமீம் ஆகிவிட்டார். உருதுவிலும் தமிழிலும் அவர் தமீம் அன்ஸாரி என்ற பெயரிலேயே கிஸ்ஸாவின் தலைவரானார். மலாய் மொழியில் ‘ஹிகாயத் தமீமுத் தாரீ’ என்ற பெயரில் இக்கதை வழங்குகிறது. இதனினும் வியப்பு, ஸ்பெயினில் கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளாகி மறைவாக இஸ்லாத்தைப் பேணிய மொரிஸ்கோ முஸ்லிம்களிடம் இதே கதை வழங்கியமை. அரபு எழுத்தில் எழுதிய ஸ்பானிய மொழிச் சுவடிகளில் அவர்கள் இதைப் பாதுகாத்தனர். 1609 முதல் 1614 வரை அவர்கள் நாட்டைவிட்டே துரத்தப்பட்டனர். அரபு எழுத்தில் தமிழை எழுதிய நம் முன்னோர்க்கும் அவர்களுக்கும் நேரடித் தொடர்பு இருந்திருக்க வாய்ப்பில்லை. எனினும் உலகின் இரு கோடியில் இருந்த இரு கரையோரச் சமூகங்களும் கேட்டுக் கண்ணீர் விட்ட கதை ஒன்றாக இருந்திருக்கிறது.

ஏன் இக்கதை? ஜின்களும் தீவுகளும் சுவைக்காக வந்தவை. கதையின் உயிர் வீட்டில் காத்திருக்கும் பெண்ணிடம் இருக்கிறது. கப்பலில் சென்ற கணவர் வரவில்லை. இறந்தார் என்ற செய்தியும் வரவில்லை. அவள் மனைவியா, விதவையா? நாகூரிலும் காயலிலும் கீழக்கரையிலும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கணவரை அனுப்பிவைத்த குடும்பங்களுக்கு இது கதையன்று. கோவளத்தில் தோணி தள்ளும் மீனவர் குடும்பங்களுக்கும், அவர்கள் எச்சமயத்தவராயினும், இது கதையன்று.

மார்க்கச் சட்டத்தில் இவ்வினாவுக்கு இரு பெரும் விடைகள் நபித்தோழர் காலத்திலேயே தோன்றின. நான்கு ஆண்டுகள் காத்திருந்து, பின்னர் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்து, அதன்பின் மறுமணம் புரியலாம் என்பது உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு. மாலிகீ மத்ஹப் இதை ஏற்றது. அவள் சோதனைக்குள்ளான பெண், கணவரின் மரணமோ மணவிலக்கோ உறுதியாகும்வரை பொறுத்திருக்கட்டும் என்பது அலீ (ரலி) அவர்களின் கருத்து. இமாம் ஷாஃபிஈ முதலில் உமரின் வழியைக் கூறி, பின்னர் அலீயின் வழிக்கு வந்தார்கள். கணவரின் வயதொத்தோர் அனைவரும் இறக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்றனர் ஹனஃபீ அறிஞர்கள். கிஸ்ஸாவைக் கவனியுங்கள். மறுமண அனுமதி வழங்குவோர் உமர். திரும்பி வந்தவரை அடையாளம் கண்டு வழக்கைத் தீர்த்துவைப்போர் அலீ. சட்ட நூல்களின் கருத்து வேறுபாட்டை எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கு நாடகமாக்கிக் காட்டியிருக்கிறார் பெயர் தெரியாத அந்தக் கதைசொல்லி. காத்திருப்பதிலும் இடரில்லாமல் இல்லை, காத்திராமையிலும் இடரில்லாமல் இல்லை என்பதை இதனினும் எளிதாக எம்மால் வகுப்பில் விளக்க இயன்றதில்லை.

ஹனஃபீ மத்ஹபைப் பின்பற்றும் இந்தியப் பெண்கள் இதனால் பட்ட துயரம் பெரிது. கணவர் மறைந்துபோக, ஆயுள் முழுதும் கட்டுண்டு கிடந்தனர் பலர். வேறு வழியின்றிச் சிலர் மார்க்கத்தையே விட்டு வெளியேறி மணப்பிணைப்பை முறித்துக்கொண்டனர். இந்நிலை கண்டு மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ 1930களில் ‘அல்ஹீலத்துந் நாஜிஸா’ என்னும் நூலை வெளியிட்டார். தாம் உறுதியான ஹனஃபீயாக இருந்தும், மாலிகீ அறிஞர்களின் ஃபத்வாக்களைப் பெற்று, தேவை கருதி அத்தீர்ப்பை ஏற்கலாம் என்று அதில் நிறுவினார். அதன் தொடர்ச்சியாகக் காஸி முஹம்மது அஹ்மது காஸ்மீ மத்தியச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதா 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமாயிற்று. கணவர் இருக்குமிடம் நான்கு ஆண்டுகள் தெரியவில்லை என்பதே அச்சட்டம் கூறும் முதற்காரணம்.

நாட்டின் பொதுச் சட்டம் ஒருவரை இறந்தவராகக் கருத ஏழு ஆண்டுகளை அளவாக வைத்துள்ளது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இவ்வாறு கூறியது. 2024 ஜூலையில் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதையே தொடர்கிறது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் குமரி மாவட்ட மீனவர் பலர் உடலும் கிடைக்காமல் மறைந்தபோது, ஏழாண்டு காத்திருப்பைத் தளர்த்தி நிவாரணம் வழங்க வேண்டிய நிலை அரசுக்கு ஏற்பட்டது.

1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. கணவர் காணாமற்போன காரணத்தால் வழங்கப்படும் தீர்ப்பு ஆறு மாதங்களுக்குச் செயலுக்கு வராது. அதற்குள் அவர் நேரிலோ தம் முகவர் வழியாகவோ தோன்றி, இல்லறக் கடமைகளை நிறைவேற்ற ஆயத்தமாக உள்ளதாக நீதிமன்றத்துக்கு மெய்ப்பித்தால், தீர்ப்பை நீதிமன்றம் ரத்து செய்தாக வேண்டும். தமீம் வீடு திரும்புவதற்குச் சட்டம் இன்றும் ஆறு மாத அவகாசம் வைத்திருக்கிறது.